விசாரணைக் கைதிகளும் நாமும்



சிறையில் இருப்போர் யாவரும் குற்றவாளிகள் என்றே நாம் எண்ணி வருகிறோம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கோ வேறு கூறுகிறது. 2022ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் தீர்ப்பு வழங்கப்படாத விசாரணைக் கைதிகள்.

1979இல் ஹுஸைனாரா காத்தூன் வழக்கில், தண்டனை பெற்றிருந்தால்கூட முடிந்திருக்கும் காலத்தையும் கடந்து பீகார்ச் சிறைகளில் கிடந்த ஏழைகளை உச்ச நீதிமன்றம் விடுவித்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479ஆம் பிரிவு, முன்பு தண்டனை பெறாதவர் உச்ச தண்டனைக் காலத்தில் மூன்றிலொரு பங்கைக் காவலில் கழித்துவிட்டால் பிணையில் விடச் சொல்கிறது. மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கும், பல வழக்குகள் நிலுவையில் உள்ளோர்க்கும் இது பொருந்தாது.

ஆயினும், பிணை உத்தரவு கிடைத்தும் வெளிவர இயலாதோர் உண்டு. ஜாமீன் கையெழுத்திட ஆளில்லை! சென்ற ஆண்டு ஒரு தாயார் தம் மகனுக்காக நம் பள்ளிவாசல் முற்றத்தில் நின்றார். வீட்டுவரி ரசீது வைத்திருக்கும் நம்மில் எவரும் முன்வரவில்லை. பிறரைக் குறை கூறவில்லை, நாமும்தான் தயங்கினோம். மகன் மேலும் நாற்பது நாட்கள் உள்ளே இருந்தார்.

காவலில் உள்ளோர்க்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரை அமர்த்தித் தருகிறது. ஒரு மாதத்திற்குள் ஜாமீன் கொடுக்க இயலாதோர்க்கு நிபந்தனையைத் தளர்த்துவது குறித்து நீதிமன்றங்கள் பரிசீலிக்கலாம் என 2023இல் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. அத்தாயாரிடம் இதைச் சொல்லவும் அன்று நமக்குத் தெரியவில்லை.