பள்ளி ஏடும் ஊர் இதழும்

மாணவரைப் பத்திரிகை அரவணைத்தால் விளைவது யாது என்பதற்கு ஆனந்த விகடனின் மாணவப் பத்திரிகையாளர் திட்டம் சான்று. கல்லூரி மாணவர் பலர் அதில் பயின்று இதழாளர் ஆயினர். அவ்வாய்ப்பு உயர்நிலைப் பள்ளிக்கும் வேண்டும். 2022இல் தமிழக அரசு பள்ளி மாணவர்க்கெனத் தொடங்கிய ‘தேன்சிட்டு’ மாநிலம் முழுமைக்குமானது; ஊர்ச்செய்திக்கு ஊர் இதழே உரிய களம்.

2011 டிசம்பர் 30இல் ‘தானே’ புயல் பண்ருட்டிப் பகுதியின் முந்திரியையும் பலாவையும் சாய்த்தது. அத்தோப்புகளில் வளர்ந்த பிள்ளைகள் அறிந்த இழப்பை வெளியூர்ச் செய்தியாளர் முழுதும் அறிதல் அரிது.

வடலூர் வட்டாரப் பள்ளிகள் கையெழுத்து ஏடு நடத்தட்டும். உள்ளூர்ச் செய்தியாளர் திங்கள்தோறும் வந்து திருத்தட்டும். அச்சில் இடம் தருதல் எளிது. “நேரில் கண்டாயா? யார் சொன்னார்?” எனக் கேட்டு மீண்டும் எழுதச் செய்வதே பெருங்கொடை. அக்கேள்விக்குப் பழகிய பிள்ளை கவிதை எழுத வரினும் பொய் எழுதாது.