ஓட்டு உரிமையா, சலுகையா?

ஓட்டுப் போடுவது உரிமையா, சலுகையா? வெள்ளைக்காரர் ஆட்சியில் அது சலுகைதான். சொத்து இருக்க வேண்டும், அல்லது வரி கட்டியிருக்க வேண்டும். கூலி வேலை செய்தவர்களில் பெரும்பாலோருக்கு ஓட்டே கிடையாது.

1950இல் அரசியல் சாசனம் வந்தது. வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு என்றது. அப்போது 21 வயது. 1989இல் அது 18 ஆனது.

ஆக, உரிமைதான். ஆனால் ஒன்று. வாக்காளர் அட்டை பீரோவில் பத்திரமாக இருக்கும். வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்காது. பட்டியலில் பெயர் இல்லையென்றால் ஓட்டு இல்லை. டிக்கெட் கையில் இருந்தும் ரயில் சார்ட்டில் பெயர் ஏறாத கதைதான். அட்டை, நீங்கள் யார் என்று காட்டத்தான். ஓட்டுத் தருவது பட்டியல்.

உரிமையைக் கொடுத்தவர்களே பட்டியலையும் சரியாக வைத்திருக்கட்டுமே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனாலும் வீடு மாறுகிறோம், கல்யாணமாகி ஊர் மாறுகிறோம். சொன்னால்தானே தெரியும்? புதிதாகப் பெயர் சேர்க்கப் படிவம் 6. முகவரி மாற்றப் படிவம் 8.

தேர்தல் அறிவிப்பு வரட்டும் என்று இருக்காதீர்கள். இந்த வாரமே பட்டியலைப் பாருங்கள். வீட்டுப் பெரியவர்கள் பெயரையும் சேர்த்துப் பாருங்கள்.