அட்வான்ஸ் பணம் யாருடைய பணம்?

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம் கம்பெனிகளில் ஷிஃப்ட் பார்க்கும் பிள்ளைகள்தான் நம் மாடிகளில் குடியிருக்கிறார்கள். குடிவரும் நாளில் எல்லோரும் நல்லவர்கள். காலி செய்யும் நாளில்தான் பிரச்சினை.

ஒரு தம்பி என்னிடம் வந்தார். வாடகை 8,000, அட்வான்ஸ் 80,000. வேறு ஊரில் வேலை கிடைத்துவிட்டது. "பெயிண்ட் அடிக்கணும், அடுத்த ஆள் வரட்டும், தர்றேன்" என்று வீட்டுக்காரர் சொல்கிறார். தம்பியிடம் ரசீதும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை. அங்கே புது வீட்டுக்கு அட்வான்ஸ் கட்ட வட்டிக்குக் கடன் வாங்கியிருக்கிறார்.

சட்டம் என்ன சொல்கிறது? பழைய 1960 வாடகைச் சட்டத்துக்குப் பதிலாகத் தமிழ்நாட்டில் 2017-இல் புதுச் சட்டம் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 11-ஆவது பிரிவின்படி, ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொண்டால் தவிர, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. அந்தத் தம்பிக்கு அது 24,000தான். காலி செய்த ஒரு மாதத்துக்குள், வாடகைதாரர் தர வேண்டிய பாக்கியை மட்டும் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும். அடுத்த ஆள் வருவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

பெயிண்ட் யார் பொறுப்பு? சட்டத்தின் இரண்டாம் அட்டவணையைப் பாருங்கள். ஒப்பந்தத்தில் வேறாக இல்லையென்றால் சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு, ஜன்னலுக்கு வர்ணம் பூசுவதும் வீட்டுக்காரர் வேலை. குழாய் வாஷர், சுவிட்ச், உடைந்த ஜன்னல் கண்ணாடி போன்றவை குடியிருப்பவர் வேலை.

இச்சட்டம் நகர்ப்புறங்களுக்கானது. நம் பக்கம் பல தெருக்கள் ஊராட்சி எல்லையில் இருப்பதால், உங்கள் வீடு எந்த உள்ளாட்சியில் வருகிறது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். எந்த எல்லையாக இருந்தாலும் எழுத்துதான் காப்பாற்றும்.

குடியிருப்பவர்களே, அட்வான்ஸை வங்கி வழியாகக் கொடுங்கள். ஒப்பந்தம் எழுதி, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யச் சொல்லுங்கள். குடிபோகும் அன்றே சுவர், தரை, குழாய் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்.

வீட்டுக்காரர்களே, நானும் மாடியை வாடகைக்கு விட்டிருப்பவன்தான். அட்வான்ஸ் வந்ததும் அதைப் போட்டு இன்னொரு அறை கட்டிவிடுகிறோம். திருப்பித் தரக் கையில் காசு இருப்பதில்லை. இழுத்தடிப்பதற்கு உண்மையான காரணம் அதுதான். நான் இப்போது மூன்று மாதம் மட்டும் வாங்கி, தனிக் கணக்கில் போட்டு வைக்கிறேன். பிடித்தம் இருந்தால் பில்லோடு கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். அதன் பிறகு என் வாசலில் சண்டை வந்ததில்லை.

அந்த 80,000 நம்மிடம் இருந்தாலும் அது அந்தப் பிள்ளையின் பணம். நாம் அதைப் பத்திரமாக வைத்திருக்கிறோம், அவ்வளவுதான்.