தட்டை இடம் மாற்றும்போது



லயத்து வாசலில் தாத்தா பாட்டியோடு எடுத்த படம், அக்காளின் திருமணக் காட்சி, பிள்ளைகளின் பிறப்புப் பத்திர நகல் இவற்றையெல்லாம் இன்று நம்மில் பலர் கணினியில்தான் சேர்த்து வைத்திருக்கின்றோம். எத்தனையோ தோட்டங்கள் கைமாறி, லயங்கள் இடிக்கப்பட்டுவிட்டன. நாம் பிறந்த வீட்டுக்கு அந்தப் படம் ஒன்றுதான் அடையாளம் என்ற நிலையும் உண்டு.

ஒரு நாள் கணினி பழுதாகிவிடுகின்றது. ஆனால் படங்கள் இருக்கும் தட்டு, அதாவது ஹார்ட் டிஸ்க், நன்றாகவே இருக்கின்றது. யூ.எஸ்.பி. கம்பி பொருந்திய உறை ஒன்றை வாங்கி, தட்டை அதில் போட்டு, வேறொரு கணினியில் மாட்டுகின்றோம். அந்தக் கணினியோ, இத்தட்டை ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும், செய்யவா என்று கேட்கின்றது. நாம் என்ன பதில் சொல்வது?

முதலில், ஃபார்மட் என்றால் என்ன என்று பார்ப்போம். புதுக் கன்று நடுவதற்கு முன்பு தோட்டத்தில் நிலத்தை அளந்து, நிரை நிரையாகக் குச்சி நடுவார்கள். மரம் வளர்ந்த பின் எந்த நிரை யாருக்கு என்பது கணக்குப் புத்தகத்தில் ஏறும். புதிய தட்டும் வெறும் நிலம் போன்றதுதான். அதைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து, எந்தப் படம் எந்தப் பகுதியில் இருக்கின்றது என்று எழுத ஒரு பதிவேட்டைத் திறந்து வைப்பதே ஃபார்மட்.

இந்தப் பதிவேட்டை எல்லாக் கணினிகளும் ஒரே முறையில் எழுதுவதில்லை. விண்டோஸ் கணினிகள் பெரும்பாலும் என்.டி.எஃப்.எஸ். என்ற முறையில் எழுதும். ஆப்பிள் நிறுவனத்தின் மேக் கணினிகள் 2017 முதல் ஏ.பி.எஃப்.எஸ். என்ற முறைக்கு மாறின. விண்டோஸின் பதிவேட்டை மேக் படிக்கும். ஆனால் அதில் தானாக எழுதாது. மேக்கின் பதிவேட்டை விண்டோஸ் தானாகப் படிக்கவும் செய்யாது.

தமிழில் எழுதிய கணக்கைத் தமிழ் அறியாத கிராணியாரிடம் கொடுத்தால் என்ன ஆகும்? கணக்கில் தவறில்லை, அவருக்குப் படிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். ஆனால் அவரோ நிலம் காலி என்று எண்ணி, புதிதாக நடலாமா என்று கேட்கின்றார். கணினி கேட்பதும் இதே கேள்விதான். சில சமயம் தட்டு உண்மையிலேயே பழுதாகியிருந்தாலும் இப்படிக் கேட்கும்.

எதுவாயினும் நம் பதில் ஒன்றே: வேண்டாம். ‘கேன்சல்’ என்றோ, மலாய் மொழியில் ‘பாத்தால்’ என்றோ இருப்பதை அழுத்த வேண்டும். பிறகு, பழைய கணினி எந்த வகையோ அந்த வகைக் கணினி ஒன்றில் தட்டை மாட்டிப் பார்க்க வேண்டும். பழைய கணினியில் பிட்லாக்கர் என்னும் பூட்டு போடப்பட்டிருந்தால் 48 இலக்கம் கொண்ட மீட்பு எண்ணைக் கேட்கும். அந்த எண்ணை இன்றே ஒரு தாளில் எழுதி வைப்பது நல்லது.

தட்டு திறந்துவிட்டால் உடனே எல்லாவற்றையும் வேறொரு புதிய தட்டில் நகல் எடுத்துவிட வேண்டும். இரு வகைக் கணினியிலும் பயன்பட வேண்டுமானால், அந்தக் காலித் தட்டை முன்னதாகவே எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்து கொள்ளலாம். 2006-இல் வந்த இம்முறையை விண்டோஸும் மேக்கும் படிக்கும், எழுதவும் செய்யும். அதற்கு முந்திய ஃபேட்32 முறையும் பொதுவானதே. ஆனால் 4 ஜி.பி. அளவை எட்டும் கோப்பு அதில் ஏறாது. நீண்ட கல்யாண வீடியோவுக்கு அது ஒத்துவராது.

தவறிப்போய் ஃபார்மட் செய்துவிட்டால்? உடனே தட்டைக் கழற்றி வைத்துவிடுங்கள். அதில் புதிதாக எதையும் ஏற்றாதீர்கள். விரைவு ஃபார்மட் பதிவேட்டை மட்டுமே புதிதாக்கும். மரங்கள் நிலத்தில் அப்படியே நிற்கும். சுழலும் வகைத் தட்டாக இருந்தால், பழுது பார்ப்பவர்கள் மீட்டுத் தர வாய்ப்பு உண்டு. எஸ்.எஸ்.டி. வகையில் அந்த வாய்ப்பு மிகக் குறைவு. முழு ஃபார்மட் செய்திருந்தால் நிலமே உழுதாயிற்று. பழைய மரத்தைத் தேடிப் பயனில்லை.

நேயர்களே, கணினி போனால் இன்னொன்று வாங்கலாம். இடிந்துபோன லயத்தின் முன் நின்று மீண்டும் படம் எடுக்க முடியுமா? ஆகவே, ஒரு நகல் நம் வீட்டில், மற்றொன்று மகன் வீட்டிலோ மகள் வீட்டிலோ இருக்கட்டும். விளங்காத கேள்வியைக் கணினி கேட்டால், விளங்கும்வரை ‘வேண்டாம்’ என்றே சொல்லுவோம்.