பென்சிலால் எழுதிய சீட்டு

இன்று பட்டம் பெறும் அருமை மாணவ மாணவியரே,

பரீட்சை மண்டபத்தில் உங்கள்முன் வைக்கப்பட்ட வினாக்கள் ஒவ்வொன்றுக்கும் விடை ஒன்று இருந்தது. உங்களுக்கு அது தெரியாமற் போனாலும், வினாவைத் தயாரித்த ஆசிரியருக்குத் தெரியும் என்ற தைரியத்தில்தான் நீங்கள் பேனாவை எடுத்தீர்கள். இந்தப் பந்தலை விட்டு வெளியே சென்றபின் உங்களை வந்து சந்திக்கப் போகும் வினாக்களுக்கோ அத்தகைய விடை யாரிடத்தும் இல்லை. கடன் வாங்கி மேற்படிப்புக்குப் போவதா, தகப்பனாரின் கடையை ஏற்று நடத்துவதா என்பதும், நோயாளிக்கு இன்றைக்கே அறுவை செய்வதா, இரண்டு நாள் பொறுத்துப் பார்ப்பதா என்பதும், விஷயம் முழுவதும் விளங்குவதற்கு முன்பே பதில் சொல்லித் தீரவேண்டிய கேள்விகள்.

பிராங்க் நைட் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1921-இல் வெளியிட்ட நூலில் இவ்விஷயத்தில் ஒரு பாகுபாடு செய்தார். தாயக்கட்டையை உருட்டுகிறவனுக்கு என்ன விழும் என்று தெரியாது. ஆயினும் எது எத்தனைக்கு எத்தனை தடவை விழும் என்று கணக்கிட அவனால் முடியும். அது அபாயம். கணக்கிடுவதற்கே இடமில்லாதது நிச்சயமின்மை. வாழ்க்கையில் நமக்கு வாய்ப்பது பெரும்பாலும் இரண்டாவதுதான். ஆயினும் அது தனித்து வராது; ஓரளவு கணக்கும், ஓரளவு இருட்டும் கலந்தே வரும். அந்தக் கலப்பில் மனிதன் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

1944-ஆம் ஆண்டு ஜூன் மாதத் தொடக்கத்தில், இங்கிலாந்தின் தென்கரையில் போர்ட்ஸ்மத் நகருக்கு அருகிலுள்ள சௌத்விக் மாளிகையின் நூலக அறையில், இரண்டாம் உலகப் போரில் நேசநாட்டுப் படைகளின் தலைமைத் தளபதியாயிருந்த ஐசன்ஹோவர் செய்த ஒரு தீர்மானத்தை நான் பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பப் படித்து வருகிறேன். யுத்தத்தில் எனக்குப் பிரியம் உண்டு என்பதனால் அன்று. ஒரு தீர்மானம் மனித உள்ளத்தில் உருவாகும் விதம் இத்தனை தெளிவாகப் பதிவாகியிருக்கும் சந்தர்ப்பங்கள் சரித்திரத்தில் மிகச் சிலவே என்பதனால்.

ஆங்கிலக் கால்வாயைக் கடந்து, ஜெர்மானியர் பிடியிலிருந்த பிரான்ஸின் நார்மண்டிக் கரையில் ஒரே நாளில் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட வீரர்களை இறக்குவது திட்டம். விமானத்திலிருந்து குதிக்கும் வீரர்களுக்கு இரவில் நிலவொளி வேண்டும். ஜெர்மானியர் கரையோரத்தில் நட்டுவைத்திருந்த தடைகள் கண்ணுக்குப் புலப்படும்படி விடியற்காலையில் ஓதம் வற்றியிருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து வாய்க்கும் நாட்கள் அந்த ஜூனில் 5, 6, 7 ஆகிய மூன்றே. அவற்றைத் தவறவிட்டால் ஓதம் மறுபடி இசைந்து வர இரண்டு வாரம் ஆகும். அப்போதும் நிலவு இராது. அதற்குள் லட்சம் பேர் அறிந்த ரகசியம் ரகசியமாக இருக்குமா என்பதும் சந்தேகம். தெரிந்து செயல்வகைக்கு அடுத்து வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று அதிகாரங்களை வரிசைப்படுத்திய வள்ளுவர் நம் நினைவுக்கு வருகிறார். வலிமை திரண்டுவிட்டது, இடமும் தேர்ந்தாயிற்று. காலம் ஒன்றுதான் கைக்கு அடங்காமல் நின்றது.

வானிலை உரைக்கும் பொறுப்பு ஜேம்ஸ் ஸ்டாக் என்ற ஸ்காட்லாந்துக்காரரிடம் இருந்தது. அவருக்குக் கீழே அமெரிக்க நிலையம் ஒன்றும், பிரிட்டிஷ் நிலையங்கள் இரண்டும் தனித்தனியே கணித்துத் தொலைபேசியில் விவாதித்தன. பழைய வருஷங்களின் வானிலைப் படங்களில் இன்றைய படத்துக்கு ஒத்ததைத் தேடி எடுத்து, அன்று நடந்ததே இன்றும் நடக்கும் என்று அனுமானித்த அமெரிக்கர்கள் 5-ஆம் தேதி போகலாம் என்றார்கள். பிரிட்டிஷ் நிலையங்களுள் ஒன்றான டன்ஸ்டபிள் நிலையத்தார் கூடாது என்றார்கள். இந்த முரண்பாட்டைக் கண்டு ஐசன்ஹோவர் கலங்கவில்லை. அதற்குக் காரணம், அவர் முன்கூட்டியே செய்திருந்த ஒரு காரியம். பல வாரங்களாகத் திங்கட்கிழமைதோறும் அவர் ஒரு நாளைப் படையெடுப்பு நாளாகப் பாவனை செய்து, அந்நாளின் வானிலையை ஸ்டாக்கிடம் கேட்டுக்கொண்டு, பிறகு அவர் சொன்னதும் நடந்ததும் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று பார்த்து வந்தார். ஆலோசகர் ஒருவரை எவ்வளவு நம்பலாம் என்பதை ஆபத்து வந்த வேளையில் ஆராய முடியாது என்பதை அறிந்து, ஆபத்தில்லாத நாட்களிலேயே அளந்து வைத்துக்கொண்ட இந்தச் சிரத்தையை, அவருடைய வீரத்தைக் காட்டிலும் நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஜூன் 3-ஆம் தேதி அயர்லாந்தின் மேற்குக் கரையில் பிளாக்ஸாட் என்ற சிற்றூரில், அஞ்சல் நிலையத்தில் பணிபுரிந்த மோரீன் ஃப்ளாவின் என்ற இளம்பெண் காற்றழுத்தமானியைப் படித்துத் தகவல் அனுப்பினார். புயல் நெருங்குவதற்கு அறிகுறியாக, அழுத்தம் வேகமாக இறங்கிக்கொண்டிருந்தது. அன்று அவருக்கு 21-ஆவது பிறந்தநாள். இங்கிலாந்திலிருந்து தொலைபேசியில் அழைத்து, மறுபடி சரிபார்த்துச் சொல்லும்படி கேட்டார்கள். அவரும் சரிபார்த்து அதையே சொன்னார். எதற்காகக் கேட்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியாது. பல ஆண்டுகள் கழித்தே தெரிந்துகொண்டார்.

4-ஆம் தேதி அதிகாலையில், போர்ட்ஸ்மத் வானம் ஏறக்குறைய நிர்மலமாய், காற்று அசையாதிருந்த வேளையில், ஸ்டாக்கின் எச்சரிக்கையை ஏற்று, படையெடுப்பு ஒருநாள் ஒத்திவைக்கப்பட்டது. முன்னமே புறப்பட்டுவிட்ட கப்பல்களைத் திருப்பி அழைக்க வேண்டியதாயிற்று. அன்றிரவு ஒன்பதரை மணிக்கு நூலக அறையில் தளபதிகள் மறுபடி கூடினார்கள். வெளியே மழையும் காற்றும் ஜன்னல்களை அறைந்துகொண்டிருக்க, 5-ஆம் தேதி பிற்பகலிலிருந்து ஒன்றரை நாள் அளவுக்குப் புயல் சற்றுத் தணியும் என்று ஸ்டாக் கூறினார். தளபதிகளில் சிலர் தயங்கினார்கள். தரைப்படைத் தளபதி மாண்ட்கோமரி போகலாம் என்றார். ஐசன்ஹோவர் போவதென்று முடிவு செய்து, மறுநாள் அதிகாலையில் அதை உறுதிப்படுத்தினார். தெளிந்த வானத்தைக் கண்டுகொண்டே வேண்டாம் என்றும், கொட்டும் மழையைக் கேட்டுக்கொண்டே போவோம் என்றும் தீர்மானிக்க ஒரு மனிதனால் முடிந்தது என்றால், கண்முன் நிற்கும் பிரத்தியட்சத்துக்கும் ஆராய்ந்து கண்ட அனுமானத்துக்கும் எந்த அளவு மதிப்புத் தரவேண்டும் என்று அவர் முன்னரே நிதானித்திருந்தார் என்பதே பொருள்.

அந்த மதிப்பீட்டிலும் இருட்டு இல்லாமல் இல்லை. விமானப்படைத் தளபதி லீ-மாலரி, வானிலிருந்து குதிக்கும் வீரர்களில் பெரும்பகுதியினரை இழக்க நேரும் என்று சில நாட்களுக்கு முன்பே எச்சரித்திருந்தார். அவருடைய ஆட்சேபத்தை எழுத்தில் தரும்படி கேட்டுக்கொண்டு, தனியே அமர்ந்து யோசித்து, பிறகே ஐசன்ஹோவர் அதை மறுத்தார். சேதம் அஞ்சிய அளவில் நேரவில்லை. லீ-மாலரி பின்னர் வருத்தம் தெரிவித்தார். எனினும் ஆட்சேபித்தவர் தம் கடமையைச் செய்தார் என்றே நான் கருதுகிறேன்.

இனி, நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். படைகள் புறப்பட்டபின், ஐசன்ஹோவர் ஒரு சிறு காகிதத்தில் பென்சிலால் சில வரிகள் எழுதித் தம் பணப்பையில் வைத்துக்கொண்டார். இறக்கம் தோல்வியுற்றால் உலகுக்கு வெளியிட வேண்டிய அறிக்கை அது. கிடைத்த தகவல்களில் சிறந்தவற்றைக் கொண்டே காலமும் இடமும் தீர்மானிக்கப்பட்டன என்றும், வீரர்கள் தம் கடமையைக் குறைவறச் செய்தனர் என்றும், குற்றம் ஏதும் உண்டெனில் அது தம் ஒருவரையே சாரும் என்றும் அதில் எழுதியிருந்தார். ஜூன் என்பதற்கு ஜூலை என்று தேதியை மாற்றி எழுதியிருப்பதே அன்று அவர் மனம் இருந்த நிலைக்குச் சாட்சி. அந்தச் சீட்டில் இரண்டு அடித்தல்கள் உள்ளன. படைகள் திரும்பப் பெறப்பட்டன என்ற பொருளில் முதலில் எழுதியதை அடித்துவிட்டு, நான் படைகளைத் திரும்பப் பெற்றேன் என்று திருத்தினார். இந்த நடவடிக்கை என்று தொடங்கியதை அடித்துவிட்டு, என் தீர்மானம் என்றாக்கினார். நம் இலக்கண வகுப்பில் செயப்பாட்டுவினை என்று படித்த அந்தச் சிறு விகாரத்துக்குள் எத்தனை பொறுப்புகள் ஒளிந்துகொள்ள முடியும் என்பதை நீங்கள் இனிமேல் பணியாற்றப் போகும் அலுவலகங்களின் கோப்புகள் உங்களுக்குக் காட்டும். முடிவெடுக்கப்பட்டது, பரிசீலிக்கப்பட்டது, கைவிடப்பட்டது என்று எழுதிச் செல்லும் பேனாவுக்கு எழுவாய் தேவைப்படுவதே இல்லை. அந்த மனிதர், தோல்வி வருமுன்பே, எழுவாயைத் தேடி எழுதினார்.

அவ்வாறு முன்பே எழுதி வைத்ததில் பணிவுக்கு அப்பால் அறிவின் காரியம் ஒன்றும் இருக்கிறது. விளைவு தெரிந்தபின் மனிதனுடைய ஞாபகம் நேர்மையாக இருப்பதில்லை. வென்றால் எல்லாவற்றையும் முன்பே கண்டதாகவும், தோற்றால் அப்போதே நெஞ்சில் உறுத்தியதாகவும் நாம் மனப்பூர்வமாகவே நம்பிவிடுகிறோம். ஜூன் 19 முதல் சில நாட்கள் கால்வாயில் கடும் புயல் அடித்து, அமெரிக்கர் கரையோரத்தில் அமைத்த செயற்கைத் துறைமுகத்தையே அழித்தது; இரண்டு வாரம் ஒத்திவைத்திருந்தால் படையெடுப்பு அந்தப் புயலில் சிக்கியிருக்கும். ஆகையால் ஐசன்ஹோவர் செய்தது சரி என்று பலர் வாதிப்பதுண்டு. அந்த வாதத்தை நான் ஏற்கமாட்டேன். அப்புயலை 4-ஆம் தேதி இரவில் எவரும் அறியவில்லை. அது அவருக்கு வாய்த்த அதிர்ஷ்டம். அது அடிக்காமலே போயிருந்தாலும், ஏன், படைகளே தோற்றுத் திரும்பியிருந்தாலும், அன்றிரவு அறிந்திருந்தவற்றைக் கொண்டு பார்த்தால் அத்தீர்மானம் விவேகமான தீர்மானமே.

தீர்மானத்தை விளைவிலிருந்து பிரித்துப் பார்க்க எனக்குக் கற்பித்த என் தகப்பனார், காவிரியின் கடைமடையில் மூன்று வேலி நிலம் பயிரிட்டவர். மேட்டூர் அணை திறந்த செய்தி பத்திரிகையில் வரும். தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு என்று வரும் என்பது எவருக்கும் தெரியாது. விதையை முந்தி ஊறப்போட்டால் நாற்று கருகலாம். பிந்தினால் கதிர் முற்றும் வேளையில் ஐப்பசி மழை வந்து பயிரைச் சாய்க்கலாம். அவர் விதைநெல்லை ஒரே நாளில் முழுவதும் ஊறப்போட்டதில்லை. ஒரு பங்கு குதிரில் தங்கும். ஊறப்போட்ட அன்று மாலையே, சுவரில் ஆணியில் தொங்கும் பஞ்சாங்கத்தை எடுத்து, அந்தத் தேதியின் ஓரத்தில் பென்சிலால் எழுதுவார்: இன்னின்ன மேகம் கண்டு, இன்னார் சொல்லக் கேட்டு, இத்தனை மரக்கால் விதை ஊறப்போட்டேன் என்று. அறுவடை முடிந்தபின் அதன் கீழே இன்னொரு வரி சேர்ப்பார். மேல் வரியை ஒருபோதும் அழிக்கமாட்டார். அவருடைய பழைய பஞ்சாங்கங்கள் சிலவற்றை இன்றும் என் மேஜையில் வைத்திருக்கிறேன். விளைச்சல் பொய்த்த ஒரு வருஷத்தில், மறுபடி இதே நிலை வந்தால் இதையே செய்வேன் என்று கீழ்வரி சொல்கிறது. நன்றாய் விளைந்த வேறொரு வருஷத்தில், யோசியாமல் செய்தேன், தப்பித்தேன் என்று எழுதியிருக்கிறார்.

அருமை மாணவர்களே, உங்களில் பலருக்கு இந்த வாரத்திலேயே ஏதேனும் ஒரு முடிவு காத்திருக்கும். இன்றிரவு வீடு சேர்ந்ததும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியிட்டு, எதைத் தீர்மானிக்கிறீர்கள், எதை அறிந்து, எதை அறியாமல் தீர்மானிக்கிறீர்கள், பத்துக்கு எத்தனை பங்கு நம்பிக்கையோடு, எது நேர்ந்தால் மனம் மாறுவீர்கள் என்பதை நாலு வரியில் எழுதி வையுங்கள். நான் என்ற எழுவாயோடு எழுதுங்கள். கீழே ஒரு வரிக்கு இடம் விட்டு வையுங்கள்.