மாத்தளைக்கு மூன்று நாள்

மாசி மகத்துக்கு மாத்தளை முத்துமாரியம்மன் தேர் பார்க்கப் போகிறீர்களா? தேர் நாளில் மட்டும் போய்த் திரும்ப நினைக்காதீர்கள். மூன்று நாள் ஒதுக்குங்கள்.

மாசி மகம் பெரும்பாலும் பௌர்ணமியை ஒட்டி வரும். போயா விடுமுறையும் சேர்ந்தால் பஸ்ஸில் கால் வைக்க இடமிருக்காது. ஆகவே முதல் நாளே கண்டி வந்து, அங்கிருந்து ரயில் ஏறுங்கள். அந்தக் கிளைப் பாதையின் கடைசி நிலையம் மாத்தளைதான். கோயில் ஏ-9 வீதியோரம். 108 அடி ராஜகோபுரம் தூரத்திலேயே தெரியும்.

இரண்டாம் நாள் முழுவதும் ஐந்து தேர்களுக்கே. இந்தத் தேர்களை வெறும் காட்சியாகப் பார்த்துவிட்டு வராதீர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து மன்னார்க் கரையில் இறங்கிய நம் முன்னோர், காடு கடந்து கால்நடையாக மாத்தளை வந்தார்கள். கொலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். மிஞ்சியவர்களின் கண்கண்ட தெய்வம் மாரியம்மன். 1983 கலவரத்தில் இந்தக் கோயிலும் தாக்கப்பட்டது. அதன் பிறகும் தேர் ஓடுகிறது என்பதே எனக்குப் பெரிய செய்தி.

மூன்றாம் நாள் அருகிலுள்ள அலுவிகாரை, நேரமிருந்தால் தம்புள்ளை.

வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள் குடையும் தண்ணீரும் மறக்க வேண்டாம். தங்குமிடத்தை மட்டும் இப்போதே பேசி வையுங்கள்.