மிதக்கும் மனை



மனை என்னும் சொல்லிலிருந்து மனைவி என்னும் சொல் பிறந்தது. இல் என்னும் சொல்லிலிருந்து இல்லாள் என்னும் சொல் பிறந்தது. நிலத்தில் ஊன்றி நிற்கும் சுவரும் அதன்மேல் ஒரு கூரையும் இன்றி இல்லறம் இல்லை என்றே நம் முன்னோர் கருதினர் போலும். ஒரு துண்டுக் காணியும் அதிலே ஒரு வீடும் இன்றிக் கலியாணப் பேச்சையே தொடங்காத குடும்பங்கள் இன்றும் நம்மிடையே பல உண்டு. இத்தகைய நமக்கு, மணமுடித்த பதினாறாம் நாளிலே, நிலத்தில் ஒரு முழம் இடமும் தமக்கென இல்லாமல், மரப்படகொன்றையே மனையாகக் கொண்டு புறப்பட்ட ஒரு கணவனும் மனைவியும் விந்தையாகத் தோன்றக்கூடும். அவ்விருவரின் ஆசையையும், அவ்வாசை எதனைத் தந்தது, எதனைப் பறித்தது என்பதனையும் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகின்றேன்.

கணவர் பெயர் ரொம் றோல்ற். 1910ஆம் ஆண்டு இங்கிலாந்திலே செஸ்ரர் நகரிற் பிறந்தவர். இயந்திரத் தொழில் பயின்றவர். ஆயினும் இயந்திரங்களை நேசித்த அளவுக்கு, அவ்வியந்திரங்கள் ஆக்கிய அவசர உலகை அவர் நேசித்தாரல்லர். மனைவி பெயர் அஞ்சலா. றோல்ற் பங்காளியாக இருந்து நடத்திய மோட்டார் வண்டித் திருத்தகத்திலே இருவரும் ஒருவரையொருவர் அறிந்தனர். உத்தியோகம், வாடகைவீடு, மாதச் சம்பளம் என்ற வழமையான பாதையை விடுத்து, வாய்க்கால் வழியே ஊர் ஊராகப் படகிற் சென்று, எழுத்தினாற் சீவிப்பது என்பது றோல்ற்றின் கனவு. அஞ்சலா அக்கனவைத் தம் கனவாகவும் ஏற்றுக்கொண்டார். அவருடைய தந்தையாரோ இத்திருமணத்துக்கு உடன்படவில்லை. கூரையில்லா மாப்பிள்ளைக்கு மகளைக் கொடுக்கத் தயங்கும் தந்தையர் நம் நாட்டில் மட்டும் உள்ளவர் அல்லர் என்பது இதனால் விளங்கும். 1939ஆம் ஆண்டு யூலை மாதம் 11ஆம் நாள், வீட்டார் அறியாமல் இருவரும் மணமுடித்தனர்.

அவர்கள் குடிபுகுந்த படகின் பெயர் கிறெசி. அது புதிய படகன்று. வாய்க்கால்களிலே சரக்கேற்றித் திரிந்த பழைய மரப்படகு. றோல்ற்றின் உறவினர் ஒருவர் 1929இல் அதனை வாங்கி இயந்திரம் பொருத்தினார். பின்னர் அது றோல்ற்றின் கைக்கு வந்தது. பான்பரி என்னும் ஊரிலே, ஒக்ஸ்போட் வாய்க்காலின் கரையில், பரம்பரையாகப் படகு கட்டும் தச்சர்களின் பட்டறையிலே கிறெசி வீடாக மாற்றப்பட்டது. படுக்கை, அடுப்பு, புத்தகத் தட்டுகள், எழுதுவதற்கு ஒரு மேசை, குளிப்பதற்கு ஒரு தொட்டி ஆகிய யாவும் அதனுள் அமைந்தன. யூலை 27ஆம் நாள் அவர்கள் பான்பரியை விட்டுப் புறப்பட்டனர்.

இப்படகின் வடிவத்தைச் சிறிது விளக்குதல் வேண்டும். இதன் நீளம் ஏறத்தாழ 70 அடி; அகலமோ 7 அடி மாத்திரமே. நீளத்திற் பள்ளிக்கூட மண்டபம் ஒன்றை ஒக்கும். அகலத்தில், நடுவே நிற்கும் ஒருவர் இரு கைகளையும் விரித்தால் சுவர்கள் எட்டிவிடும். இவ்வளவு ஒடுக்கமாக ஏன் கட்டினர்? மேட்டு நிலத்திலே படகை ஏற்றவும் இறக்கவும் வாய்க்காலிற் கதவிட்ட கூடங்கள் உண்டு. அவற்றை ஆங்கிலேயர் லொக் என்பர். நாம் நீர்ப்படி எனலாம். படகு கூடத்தினுள் நுழைந்ததும் பின்கதவை அடைத்து, மேலிருந்து நீரைத் திறந்துவிட, நீர் உயரப் படகும் உயரும். பின்னர் முன்கதவைத் திறந்து மேல் வாய்க்காலிற் செல்லலாம். பதினெட்டாம் நூற்றாண்டிலே யேம்ஸ் பிறின்ட்லி என்னும் பொறியியலாளர், நீரையும் செலவையும் மிச்சப்படுத்தும் நோக்குடன், இக்கூடங்களை 7 அடி அகலத்துக்குச் சற்றே கூடுதலாக வகுத்தார். அன்று ஒருவர் வகுத்த அளவே இன்றும் அவ்வீடுகளின் அகலத்தைத் தீர்மானிக்கின்றது.

நேயர்களே, படகுவாழ்வை நாம் எண்ணும்போது நிலவும் நீரும் காற்றுமே மனத்தில் எழுகின்றன. நாளாந்த வாழ்வோ வேறுவகையானது. குடிநீரை நிரப்பும் இடம் எங்குளது என்று பார்த்தே பயணத்தை வகுத்தல் வேண்டும். அடுப்புக்கு நிலக்கரியும் விறகும் சுமத்தல் வேண்டும். மாரியில் வாய்க்கால் உறைந்தால், உறைந்த இடமே ஊர். உச்ச வேகம் மணிக்கு நாலு மைல். நடந்து செல்பவர் படகை முந்திவிடுவார். றோல்ற் தம்பதியர் யுத்தகாலத்திலே ஐந்தாண்டுகள் தரித்திருந்த ராடபிக் என்னும் இடத்தில், இரண்டேகால் மைல் தூரத்துக்குள் முப்பது நீர்ப்படிகள் அடுத்தடுத்து உள்ளன. அவற்றை ஏறி முடிப்பவர் மேலே செல்வது 220 அடி. ஒவ்வொரு படியிலும் கரையில் இறங்கிக் கதவைத் தள்ளுதலும் மதகைச் சுழற்றுதலும் தப்பா. ஒருவர் சுக்கான் பிடிக்க மற்றவர் கதவைத் திறக்க வேண்டுமாதலால், இவ்வாழ்வு இருவர் மனம் ஒத்துச் செய்யும் தொழிலாகவே அமைகின்றது. ஊடல் கொண்டு ஒதுங்கி நிற்க வேறோர் அறையும் அங்கே இல்லை.

புறப்பட்ட சில வாரங்களிலேயே இரண்டாம் உலகயுத்தம் மூண்டது. யுத்தத்தை வெறுத்தவராயினும் றோல்ற் இயந்திரத் தொழிற்சாலையிலும், பின்னர் அரசாங்க வழங்கல் அமைச்சிலும் பணியாற்ற நேர்ந்தது. அக்காலத்தும் கிறெசியே அவர்களுக்கு வீடாயிருந்தது. அதிலிருந்தவாறே அவர் தம் முதற் பயணத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். வெளியீட்டாளர் பலர் அதனை ஏற்க மறுத்தனர். 1944ஆம் ஆண்டு திசெம்பரில், 'ஒடுங்கிய படகு' எனப் பொருள்படும் பெயருடன் அது வெளியாயிற்று. யுத்தத்தால் களைத்திருந்த மக்கள் அதனை ஆர்வத்துடன் வாசித்தனர். வாசகர் கடிதங்கள் ராடபிக்கில் நின்ற படகைத் தேடி வந்தன. அவ்வாறு எழுதியோருள் றொபேட் ஏக்மன், சாள்ஸ் ஹட்பீல்ட் என்னும் இருவரும் இருந்தனர். இவர்களும் றோல்ற்றும் பிறரும் கூடி, 1946இல் உள்நாட்டு நீர்வழிகள் சங்கத்தைத் தோற்றுவித்தனர்.

அச்சங்கம் எதற்காக? புகையிரதமும் லொறியும் வந்தபின் வாய்க்கால்கள் கவனிப்பாரற்றுப் பாசிபடர்ந்து தூர்ந்துகொண்டிருந்தன. ஒரு வாய்க்காலிற் படகு செல்லும் உரிமை சட்டத்தில் இருந்தும், செல்வாரில்லை எனில் அவ்வுரிமை ஏட்டுச் சுரைக்காயாகிவிடும். பேர்மிங்காம் நகரின் அருகே லிபட் என்னும் இடத்தில், ஸ்ராற்போட் வாய்க்காலின் குறுக்கே தூக்குபாலம் ஒன்று தூக்கமுடியாத நிலையிற் கிடந்தது. வாய்க்காலோ ஒரு புகையிரதக் கம்பனியின் உடைமை. இவ்விடயம் பாராளுமன்றம் வரை சென்றது. முன்னறிவித்தல் கொடுத்தால் எப்படகுக்காகவும் பாலம் உயர்த்தப்படும் என்று விடை கிடைத்தது. உடனே றோல்ற் முன்னறிவித்தல் கொடுத்தார். 1947ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் நாள், வேலையாட்கள் பாலத்தை நெம்பி உயர்த்த, கிறெசி அதன்கீழ்ச் சென்றது. ஒரு குடும்பம் தன் வீட்டையே ஓட்டிச்சென்று ஊராரின் உரிமை ஒன்றை நிலைநாட்டிய செயல் இது. அவ்வாய்க்காலின் தென்பகுதி, தொண்டர்களின் உழைப்பினால் 1964இல் மீண்டும் திறக்கப்பட்டது.

ஆயினும் கல்வித்துறையிற் காலங்கழித்த எனக்கு, இக்கதையின் மறுபக்கமும் கண்ணிற் படுகின்றது. றோல்ற் தம்பதியர் ஆசைப்பட்டு ஏறிய படகிலே, ஆசைப்படாமல் வாழ்ந்தோர் பல்லாயிரவர். புகையிரதத்தின் போட்டியாற் கூலி குறைந்தபோது, கரையில் வீடு வைத்திருக்க இயலாத படகோட்டிகள் மனைவியரையும் மக்களையும் படகிலேயே ஏற்றிக்கொண்டனர். சரக்குக்கே படகின் பெரும்பகுதி ஒதுக்கப்பட, பின்புறத்தே ஏறக்குறைய பத்தடி நீளமான அறையொன்றில் ஒரு குடும்பம் முழுவதும் வாழ்ந்தது. கதவுகளிலே ரோசாப் பூவும் கோட்டையும் வரைந்து, பித்தளையை மினுக்கி, அவ்வறையை அவர்கள் அழகுபடுத்தினர். ஆனால், இன்று ஓரூர், நாளை மற்றோரூர் என்று செல்லும் பிள்ளைக்கு எப்பள்ளியில் இடம் கிடைக்கும்? எழுத்தறியாமலே வளர்ந்தோர் மிகப் பலர். இந்நிலையைக் கண்டு வருந்திய சீர்திருத்தவாதி ஒருவரின் இடையறாத முயற்சியால், 1877இலும் 1884இலும் சட்டங்கள் இயற்றப்பட்டன. படகைப் பதிவு செய்தல், அதில் வாழ்வோர் தொகையை வரையறுத்தல், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புதல் ஆகியவற்றை அவை வலியுறுத்தின.

வீடுள்ளவன் படகை விரும்புகின்றான். படகிற் பிறந்தவன் வீட்டை விரும்புகின்றான். இதனை மனித மனத்தின் சபலம் என்று நாம் சிரித்துவிட்டு அகலலாகாது. விரும்பினால் விட்டுச் செல்லலாம் என்ற நிலையில் உள்ளவனுக்கு ஒடுக்கமும் உவப்பைத் தரும். விட்டுச் செல்ல வழியில்லாதவனுக்கு அதே ஒடுக்கம் சிறையாகும். எளிய வாழ்வைப் புகழ்ந்து பேசும் எவரும் இவ்வேறுபாட்டை மறத்தல் ஆகாது. றோல்ற் இதனை மறவாதவர் என்பது அவருக்குப் பெருமை. எல்லா வாய்க்கால்களையும் காத்தல் வேண்டும் என்று ஏக்மன் வாதிட்டபோது, உழைக்கும் படகுமக்களுக்குப் பயன்படும் வாய்க்கால்களை முதலிற் காப்போம் என்பதே றோல்ற்றின் நிலைப்பாடாயிருந்தது. பிணக்கு முற்றி, 1951இல் அவர் தாம் தோற்றுவித்த சங்கத்தினின்றே விலக்கப்பட்டார்.

அவ்வாண்டிலேயே மற்றொரு பிரிவும் நேர்ந்தது. 1949இலே, 126 அடி உயரத்தில் ஆற்றுப் பள்ளத்தாக்கைக் கடக்கும் வேல்சு நாட்டு நீர்ப்பாலத்தின் மேலாகக் கிறெசியைச் செலுத்தி, நெடுநாள் ஆசை ஒன்றையும் அவர்கள் நிறைவேற்றியிருந்தனர். ஆனாற் பன்னிரண்டு ஆண்டுகளின் பின், கிறெசியின் மரம் தளர்ந்தது, மணவாழ்வும் தளர்ந்தது. அஞ்சலா ஒரு சேர்க்கஸ் குழுவிற் சேர்ந்து, ஊர் ஊராகச் செல்லும் வாழ்வைத் தொடர்ந்தார். றோல்ற் வேல்சு நாட்டிலே கைவிடப்படவிருந்த சிறிய புகையிரதப் பாதை ஒன்றைக் காக்கும் பணியிற் புகுந்தார். பின்னர் மறுமணம் செய்து, பொறியியலாளர் பலரின் சரித்திரங்களை எழுதி, குளொஸ்ரர்சயரில் உள்ள பழைய குடும்ப வீட்டிலே வாழ்ந்து, 1974இற் காலமானார்.

ஒரே படகில் ஒரே திசையிற் சென்ற இருவர் உள்ளத்தில் இருந்தது ஒரே ஆசைதானா? பழைய உலகின் அழகு அழியாமற் காக்கும் ஆசை கணவருக்கு. ஓரிடத்தே கட்டுண்ணாமற் செல்லும் ஆசை மனைவிக்கு. அவர்கள் பின்னாளிற் சென்ற வழிகளைக் கொண்டு நான் இவ்வாறு உய்த்துணர்கின்றேன். பன்னிரண்டு ஆண்டுகள் இரண்டு ஆசைகளும் ஒரே வாய்க்காலில் ஓடின. அப்பால் வாய்க்கால் கிளைத்தது. எவரையும் குறைகூற இதில் இடமில்லை. வீடு கட்டினும் படகு வாங்கினும், இருவர் சேர்ந்து ஒன்றை விரும்பும்போது, நீ இதில் எதனை விரும்புகின்றாய் என்று ஒருவரையொருவர் ஒருமுறையேனும் கேட்டல் நன்று.

அவர்களுடைய ஆசை வீணாயிற்று என்று எண்ணிவிடாதீர்கள். 1962, 63ஆம் ஆண்டுகளின் கடுங்குளிரிலே வாய்க்கால்கள் வாரக்கணக்காக உறைந்து, சரக்குப் படகுத் தொழில் பெரும்பாலும் முடிவுற்றது. எனினும் வாய்க்கால்கள் மடியவில்லை. 2012 முதல் ஓர் அறநிலையம் இங்கிலாந்திலும் வேல்சிலும் ஏறத்தாழ 2,000 மைல் நீர்வழிகளைப் பராமரித்து வருகின்றது. கைத்தொழிற் புரட்சியின் உச்சக் காலத்திலும் பார்க்க இன்று அங்கே மிதக்கும் படகுகள் அதிகம். பலர் அவற்றிலேயே வாழ்கின்றனர். சிலர் ஆசையால் ஏறினர். இலண்டன் போன்ற நகரங்களில் வீட்டு வாடகையைத் தாங்க இயலாமல் ஏறினோரும் உளர். நிலையான தரிப்பிடம் இல்லாதோர் ஓரிடத்தில் பதினான்கு நாட்களுக்கு மேல் தொடர்ந்து தங்கலாகாது என்பது 1995ஆம் ஆண்டுச் சட்டம். 2024 ஏப்பிரில் முதல் அவர்கள் மேலதிகக் கட்டணமும் செலுத்த வேண்டியுள்ளது. முகவரி இல்லாதாருக்கு வைத்தியரிடம் பதிவதும் பிள்ளையைப் பள்ளியிற் சேர்ப்பதும் இன்றும் இலகுவன்று. ஆற்றிலே ஒரு கால், சேற்றிலே ஒரு கால் என்ற நம் பழமொழி அவர்களுக்கு நன்கு பொருந்தும்.

மனை என்பது மண்ணில் நிற்க வேண்டும் என்ற விதி இல்லை. ஆனால் அது மனத்தில் நிற்றல் வேண்டும். ஏழடி அகலத்தில் இருவர் பன்னிரண்டு ஆண்டுகள் வாழ்ந்தனர். அவர்கள் தள்ளித் திறந்த கதவுகளின் வழியே இன்றும் படகுகள் செல்கின்றன. அவற்றுள் ஏதோவொன்றில், இன்று மாலையும் ஒரு கணவனும் மனைவியும் கயிற்றைக் கரையிற் கட்டி, அடுப்பை மூட்டுவர். ஆசைப்பட்டு ஏறியவர்களாயின் அவர்கள் வாழ்க. வேறு வழியின்றி ஏறியவர்களாயின், கரையில் அவர்களுக்கொரு வழி பிறப்பதாக.